நாலு புள்ளி, மூணு கோடு

"என் கணக்க நீங்க இன்னொருத்தங்களுக்குக் குடுத்துட்டீங்க மேடம்."

கொம்பையா சார் உட்காரவில்லை. தோளில் கிடந்த பையை இறக்கவும் இல்லை. வாசற்படியைத் தாண்டியதும் நின்று இதைத்தான் சொன்னார்.

அரசி மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த தாளைக் கூட்டி, மதிப்பெண்ணை வட்டத்துக்குள் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"ஆமா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மழுப்பல்கூடக் கிடையாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அதே அறையில் எதிர் மேஜை என்னுடையது. எனக்குப் புள்ளியியல். கணக்குத் துறையில் புள்ளியியல்காரனுக்கு உள்ள மரியாதை, கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் ஓட்டுகிறவருக்கு உள்ள மரியாதைதான். ஓரமாக உட்காரலாம். எல்லாம் காதில் விழும்.

மேடத்தின் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அவருக்கு கிராஃப் தியரி. பாடநூலில் கோட்டுருவியல் என்று போட்டிருக்கும், யாரும் அப்படிச் சொல்வதில்லை. சில புள்ளிகள், அவற்றில் சிலவற்றைச் சேர்க்கும் கோடுகள். அவ்வளவுதான் சரக்கு. இதை வைத்துக்கொண்டு ஓர் ஆயுளையே ஓட்டுகிறார்கள்.

சனிக்கிழமை தோறும் அவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். வேறு கல்லூரிகளில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக பி.எச்டி. செய்கிறவர்கள். தென்னை மரம், வாழை மரம், கம்பளிப்பூச்சி, பட்டாசு என்று பேசிக்கொள்வார்கள். வெளியிலிருந்து கேட்பவர்கள் வேளாண்மைக் கல்லூரி என்று நினைத்துக்கொள்ளக்கூடும். எல்லாம் படங்களின் பெயர். நீளமாக ஒரு கோட்டு வரிசை, உச்சியில் மட்டும் கொத்தாகக் கோடுகள் விரிந்தால் அது தென்னை.

அந்தப் படத்திலுள்ள புள்ளிகளுக்கு எண் போட வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோட்டுக்கு, அந்த எண்களின் வித்தியாசம். எந்த வித்தியாசமும் இரண்டு தடவை வரக்கூடாது, எதுவும் விட்டும் போகக்கூடாது. நாலு புள்ளி வரிசையாக இருந்தால் 0, 3, 1, 2 என்று போடலாம். வித்தியாசம் 3, 2, 1. ஆயிற்று. நாலுக்கு நானே போட்டுவிடுவேன். நாலாயிரத்துக்கும் பொதுவாகப் போட்டுக் காட்டு என்றால்தான் ஆட்கள் சனிக்கிழமை பஸ் ஏறி வர வேண்டியிருக்கிறது.

கொம்பையா சார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வருகிறவர். தன் பி.எச்டி. நெறியாளரான மேடத்தைவிட எட்டு வயது மூத்தவர். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரைச் சார் என்பார். ஆறரை வருஷமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

*

அவருக்கு என்ன அவசரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் கல்லூரியில், துறை வாசலில் ஒரு பெயர்ப்பலகை. ஒன்பது பெயர். எட்டுப் பெயருக்கு முன்னால் முனைவர். இவர் பெயருக்கு முன்னால் ஒன்றும் கிடையாது. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். இவரிடம் படித்துப் போனவர்களே இவருக்கு மேலே துறைத்தலைவராக வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இரண்டு தடவை.

மே மாதம் ரிட்டயர். அது போகட்டும். ஆய்வேட்டைக் கொடுக்கப் பல்கலைக்கழகம் வைத்திருந்த கடைசித் தேதி மார்ச் முப்பத்தொன்று. அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை என்று கடிதமே வந்திருந்தது. அன்றைக்கு எண்ணினால் இன்னும் நாற்பத்தோரு நாள்.

நாலு அத்தியாயம் முடிந்துவிட்டது. ஐந்தாவது இரட்டைத் தென்னை. இரண்டு தென்னைகளை ஒரு கோட்டால் சேர்த்து, அதற்கு எண் போடுவது. போன வாரம்தான் அதையும் எழுதி மேடத்திடம் கொடுத்திருந்தார்.

வியாழக்கிழமை மதுரையில் ஒரு கருத்தரங்கு. மேடையில் நாகூரிலிருந்து வந்த ஜொஹரா என்ற பெண் பேசினார். தலைப்பைத் திரையில் போட்டதும் கொம்பையா சார் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டார். இரட்டைத் தென்னை.

கடைசியில் நன்றி என்று ஒரு பக்கம். அதில் முதல் பெயர் மங்கையர்க்கரசி.

அதற்கு மேல் அவர் அங்கே இருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுச் சீட்டைக்கூட யாரிடமோ கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

*

மேடம் எதிர் நாற்காலியைக் காட்டினார். கொம்பையா சார் உட்கார மாட்டேன் என்றார். பிறகு உட்கார்ந்தார். அந்த அறையில் ஒரு மின்விசிறிதான், அது நாற்காலிக்கு மேலேதான் இருக்கிறது.

ஜொஹராவுக்கு எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"உங்களுக்குக் குடுத்த அன்னிக்குத்தான் சார். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்."

"எனக்குக் குடுத்தது எனக்குன்னுதானே நான் நெனச்சேன்."

மேடம் திருத்திய தாள்களை ஓரமாகத் தள்ளினார். "நான் உங்களுக்கு எத்தன சீட்டு குடுத்திருக்கேன் சார்?" என்று கேட்டார்.

இந்தச் சீட்டு விஷயம் எங்கள் அறைக்கே உரிய கூத்து. பையன்கள் விடைத்தாளில் எழுதாமல் விட்ட வெள்ளைப் பக்கங்களை மேடம் அளவாகக் கத்தரித்து, கிளிப் போட்டு மேஜையில் வைத்திருப்பார். யாராவது ஒரு சந்தேகத்தோடு வந்தால் முழுக்கக் கேட்பார். தலையை ஆட்டுவார். பிறகு ஒரு சீட்டை உருவி ஏதோ எழுதி, மடித்துக் கையில் கொடுப்பார். விடை எழுதியிருக்கிறார் என்று ஆசையாக வாங்கிப் பிரித்தால் அதில் ஒரு பெயரும் விலாசமும் இருக்கும். இவருக்கு எழுதுங்க, படம் போட்டுக் கேளுங்க. அவ்வளவுதான்.

போனில் கேட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டார். கையால் படம் போடும்போதே பாதிச் சந்தேகம் தீர்ந்துபோகும் என்றார் மேடம்.

எங்கள் துறையில் அவருக்குத் தபாலாபீஸ் என்று பெயர். வைத்தவன் நான்தான். அவருக்கும் தெரியும்.

கொம்பையா சார் ஒன்பது சீட்டு என்றார். உடனே சொன்னார், எண்ணிப் பார்க்காமல்.

"வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தார். ஏதோ கருத்தரங்கில் கொடுத்த பை, ஜிப் போய் ஊக்கு குத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். ஒன்பதும் அதில் இருந்தன. பின்பக்கம் பூராவும் நுணுக்கி நுணுக்கித் தென்னை மரம், எண்கள், அடித்தல்கள். பஸ்ஸில் யோசனை வரும்போது கைக்கு அகப்பட்ட தாள் அதுதானாம்.

"திருப்பி வாசிங்க சார்" என்றார் மேடம்.

முதல் சீட்டைத் திருப்பினார். ஜொஹரா, கணிதத் துறை, நாகூர்.

இரண்டாவது. ஜொஹரா.

மூன்றாவதை வாசிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. நாலாவதிலிருந்து வாசிக்கவில்லை, திருப்பித் திருப்பி மேஜையில் வைத்துக்கொண்டே போனார். ஒன்பதிலும் ஒரே பெயர். ஒரே விலாசம். ஏழாவதில் மட்டும் பின்கோடுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

முதல் இரண்டைத்தான் பிரித்துப் பார்த்தாராம். அதற்கப்புறம் கொடுத்ததையெல்லாம் மடித்தபடி உறைக்குள் போட்டுவிட்டு, எழுதுவதற்குப் பின்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தபிறகு அடக்க வேண்டியிருக்கவில்லை.

*

ஏன் எழுதவில்லை என்று மேடம் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

எம்.ஃபில். படிக்கும்போது அறைத்தோழன் ஒருவன். ஒரே தட்டில் சாப்பிட்டவன். கொம்பையா சார் ஒரு படத்துக்கு எண் போட்டு அவனிடம் காட்டியிருக்கிறார். நாலு மாதம் கழித்து அது அச்சில் வந்தது. அவன் பெயர் மட்டும் இருந்தது. போய்க் கேட்டதற்கு, இதெல்லாம் யார் வேண்டுமானாலும் போடக்கூடியதுதானே என்றிருக்கிறான்.

"அன்னைலருந்து ஒருத்தன்ட்டயும் காட்டுததில்ல மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"அவர் செஞ்சது தப்பு சார்" என்றார். "பெரிய தப்பு."

முப்பது வருஷத்தில் இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. கொம்பையா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

ஜொஹரா அம்மாளே எனக்குக் கடிதம் போட்டார்கள் என்றார் பிறகு, மெதுவாக. மூன்று கடிதம். மூன்றுக்கும் பதில் போடவில்லை. கணக்கைக் கறக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாராம்.

*

மேடம் இழுப்பறையிலிருந்து ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை விரலால் காட்டி வாசிக்கச் சொன்னார்.

கொம்பையா சார் வாசித்தார். அங்கே அவர் செய்திருந்த வேலை இதுதான்: படத்தில் ஒரு கோட்டை ஓரிடத்தில் அழித்துவிட்டு இன்னோரிடத்தில் போடுகிறார். புள்ளி அத்தனையும் அப்படியே இருக்கிறது. கோடும் எண்ணிக்கையில் குறையவில்லை. மரம் என்றால் புள்ளியைவிடக் கோடு ஒன்று குறைவாக இருக்கும். இங்கேயும் ஒன்றுதான் குறைவு. ஆகவே இது மரம்.

"ஆகவே மரம்" என்று வாசித்து நிறுத்தினார்.

மேடம் எழுந்து கரும்பலகைக்குப் போனார். சாக்பீஸால் மூன்று புள்ளி வைத்தார். மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்தார், ஒரு முக்கோணம். அதைவிட்டுத் தள்ளி, பலகையின் ஓரத்தில் இன்னொரு புள்ளி வைத்தார். அதற்குக் கோடே போடவில்லை.

"எத்தன புள்ளி சார்?"

"நாலு."

"கோடு?"

"மூணு."

"மரமா?"

இதைப் புரிந்துகொள்ளக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. எனக்கே தெரிந்தது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது. மரம் இல்லை; மரமென்றால் எல்லாப் புள்ளியும் ஒட்டியிருக்க வேண்டும், எங்கேயும் வட்டமாக மூடக்கூடாது. ஒரு புள்ளி யாரோடும் சேராமல் தனியாகக் கிடக்கிறது.

கொம்பையா சார் எழுந்து நின்றார். பலகையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஐந்தாம் அத்தியாயம் மொத்தமும் அந்த ஒரு வரி மேல் நின்றது. கோட்டை எடுத்து வேறிடத்தில் போடும்போது படம் உடைந்துவிடலாம். ஒரு பக்கம் வட்டமாக மூடிக்கொள்ளும், இன்னொரு பக்கம் கழன்று போகும். எண்ணிப் பார்த்தால் மட்டும் தெரியாது.

நாற்பத்தோரு நாள் என்று அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

பிறகு வேறு மாதிரி ஒரு குரலில், "இந்தப் படத்த நான் எங்கயோ பாத்திருக்கேன்" என்றார்.

பையைத் தரையில் வைத்துக் குடைந்தார். மூன்று கடிதங்களையும் வைத்திருந்தார், அதைச் சொல்ல வேண்டும். கிழித்துப் போடவில்லை. இரண்டாவது கடிதத்தைப் பிரித்தார். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. கருத்தரங்குத் தொகுப்பில் உங்கள் கட்டுரை படித்தேன் சார், இதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டே வரி. கீழே பச்சை மையில் ஒரு முக்கோணம். தள்ளி ஒரு புள்ளி.

"எல்.கே.ஜி. பிள்ளைக்குப் போடுத மாதிரி எனக்குப் படம் போட்டு அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார்.

மூன்று வருஷம். அதை அன்றைக்கே பார்த்திருந்தால் அத்தியாயம் வேறாக இருந்திருக்கும்.

கடிதத்தை மடித்து உறையில் போட்டார். ஒன்பது சீட்டையும் எடுத்து அதே உறையில் போட்டார்.

"இப்ப நான் என்ன செய்ய மேடம்?"

மேடம் வழக்கம்போல் கிளிப்பிலிருந்து ஒரு சீட்டை உருவினார். பேனாவைத் திறந்தார்.

"வேண்டாம் மேடம்" என்றார் கொம்பையா சார். "அட்ரஸ் இருக்கு."

*

அவர் போனபிறகு நான் மேடத்திடம் சண்டை போட்டேன். சண்டை என்றால் என் அளவுக்கு.

கொம்பையா சாரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளலாமா, மூன்று வருஷம் முன்னாலேயே உங்களுக்கு அந்தத் தப்பு தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். தொகுப்பில் அச்சானபிறகுதான் கொம்பையா சார் கட்டுரையை மேடத்திடம் காட்டியிருக்கிறார். அதற்குள் ஜொஹரா தப்பைக் கண்டுபிடித்து மேடத்துக்கு எழுதிவிட்டார். நீயே சாருக்கு எழுது என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

"நீங்களே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பாரே."

"கேட்டிருப்பாரு."

"அப்புறம் என்ன?"

"என்கிட்ட மட்டும்தான் கேட்டிருப்பாரு" என்றார்.

அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு மனுஷன் நாற்பத்தோரு நாளை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான், இந்த அம்மாள் ஐந்து மார்க் கேள்விக்கு இரண்டரை போட்டுக்கொண்டிருக்கிறார்.

*

அப்போதுதான் எனக்குப் போன வருஷத்துச் சமாச்சாரம் ஞாபகம் வந்தது.

போன வருஷம் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வந்தது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆராய்ச்சித் தாக்கம் எவ்வளவு என்று படிவத்தில் ஒரு கட்டம். அதை நிரப்பும் வேலையை பிரின்சிபால் என் தலையில் கட்டினார். புள்ளியியல்காரன்தானே, எண்ணத் தெரியும்.

மேடத்துக்கு இருபத்தெட்டு வருஷத்தில் பதினோரு கட்டுரை. எங்கள் கல்லூரியிலேயே வேதியியலில் ஒருவர் நூற்று நாற்பது வைத்திருக்கிறார். ஆனால் மேடத்தைத் தேடித்தான் ஊர் ஊராக ஆள் வருகிறது. எங்கேயோ இடிக்கிறது என்று நான் மற்றவர்களுடைய கட்டுரைகளைத் தேடிப் புரட்டினேன். கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில், நன்றி என்று போட்டிருக்கும் இடத்தில் இவர் பெயர் வந்துகொண்டே இருந்தது. இவர் சொல்லித்தான் இன்னாருக்கு எழுதினேன். இவர்தான் எங்களைச் சேர்த்து வைத்தார்.

ஒரு சார்ட் தாளை எடுத்து ஆளுக்கொரு புள்ளி வைத்தேன். மேடம் நீங்கலாக அறுபத்து மூன்று ஆள். சேர்ந்து கட்டுரை எழுதியவர்களுக்கு நடுவே கோடு. நட்டநடுவே மேடம், அவரிடமிருந்து எல்லாருக்கும் கோடு. பார்க்க அமர்க்களமாக இருந்தது. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

மேடம் கொஞ்ச நேரம் பார்த்தார். ரப்பர் கேட்டார். நட்டநடுவே இருந்த தன்னுடைய புள்ளியை அழித்தார். அதிலிருந்து போன கோடுகளையும் ஒவ்வொன்றாக அழித்தார். என் இரண்டு நாள் வேலை.

"இப்ப எத்தன துண்டு?" என்றார்.

விரலை ஒரு புள்ளியில் வைத்துக் கோட்டு வழியே போய்ப் பார்த்தேன். காரைக்குடியிலிருந்து கோயமுத்தூர், அங்கிருந்து நாகூர், அங்கிருந்து ஓசூர். எங்கே ஆரம்பித்தாலும் எங்கேயும் போக முடிந்தது. ஒரே ஓர் இடம் தவிர.

"ரெண்டு" என்றேன். "ஒண்ணுல அறுபத்து ரெண்டு பேர். இன்னொண்ணு ஒத்தப் புள்ளி. கொம்பையா சார்."

மேடம் பென்சிலை வாங்கித் தன் புள்ளியைத் திரும்ப வைத்தார். அதிலிருந்து கொம்பையா சாருக்கு ஒரு கோடு போட்டார்.

"அப்ப நான் இருக்கணும்" என்றார். "மிச்சத்த நீங்களே போட்டுக்கிடுங்க."

போட்டேன். அறுபத்து ரெண்டு கோடு. படிவத்தில் பதினொன்று என்று எழுதி அனுப்பினேன்.

*

கொம்பையா சார் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து மனைவிக்குப் போன் செய்து திங்கட்கிழமை வருவேன் என்றிருக்கிறார். ஒன்பதாம் நாள்தான் வந்தார். இதெல்லாம் அவரே பின்னால் எனக்குச் சொன்னது.

நாகூர்க் கல்லூரியில் ஜொஹரா இவரைப் பார்த்ததும், "வாங்க சார், நான் கடிதம் போட்டு நோன்புப் பெருநாளே மூணு வந்துபோச்சு" என்றாராம். வேறு ஒன்றும் குத்திப் பேசவில்லை.

ஜொஹராவுக்கு எந்தக் கோட்டை எடுத்தால் படம் உடையாது என்று தெரிந்திருந்தது. எண் போடத்தான் சின்ன மரங்களைத் தாண்டி வரவில்லை. மதுரையிலும் பேச்சு முடிந்து கேள்வி நேரத்தில் அதைத்தான் சொல்லியிருக்கிறார். இவர் அதற்குள் பஸ் ஏறிவிட்டார். இவருக்கு எண் எல்லாம் வந்தது, படம் உடைவது தெரியவில்லை.

நூலகத்தில் உட்கார்ந்த உடனே சேர்ந்துவிடவில்லை. எட்டு நாள் மல்லுக்கட்டினார்கள். ஜொஹரா இவருடைய இரண்டாம் அத்தியாயத்திலும் ஒரு தப்பைக் கண்டுபிடித்தார். பதிலுக்கு இவரும் அவர் தாள்களைத் துருவினார். ஒன்றும் அகப்படவில்லை. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது.

கடைசி நாள் அந்தப் பெண் முதலில் பார்த்தாராம். இவருடைய மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரிசை, இவர் இனி வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தது. அதைத் தலைகீழாகப் போட்டதும் எண்கள் வரிசையாக வந்து விழுந்தன. நூலகர் வந்து பூட்ட வேண்டும் என்று சொல்கிறவரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

ஆய்வேட்டை மார்ச் இருபத்தொன்பது அன்று கொடுத்தார். ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வரியிலேயே, இது ஜொஹராவோடு சேர்ந்து செய்தது என்று இருந்தது.

மே மாதம் ரிட்டயர் ஆனார். பல்கலைக்கழகம் ஆய்வேட்டைத் தேர்வாளர்களுக்கு அனுப்பி, அது திரும்பி வருவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அதனால் பலகையில் முனைவர் என்ற எழுத்து ஏறவில்லை. ஜூன் மாதம் அவர் பெயர் இருந்த இடத்தில் வேறொருவர் பெயரை எழுதிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அந்த இடத்தை விரலால் மேஜையில் கட்டம் போட்டுக் காட்டினார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் ஆசைப்பட்டது அந்த நாலு எழுத்துக்குத்தான்.

*

நவம்பரில் வாய்மொழித் தேர்வு. எங்கள் கருத்தரங்கு அறையில்தான் நடந்தது. முப்பது பேர் வந்திருந்தார்கள். ஜொஹரா இரண்டாம் வரிசையில் இருந்தார்.

வெளியூர்த் தேர்வாளர் எல்லாம் கேட்டு முடித்தபிறகு, வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். இந்த ஆய்வில் உங்கள் நெறியாளரின் பங்கு என்ன.

இந்த இடத்தில் எல்லாரும் ஒரு சின்னச் சொற்பொழிவு வைத்திருப்பார்கள். கலங்கரை விளக்கம் என்று ஆரம்பிக்கும்.

கொம்பையா சார் யோசித்தார்.

"ஒரு அட்ரஸ் குடுத்தாங்க சார்" என்றார். "ஒம்பது தடவ."

தேர்வாளர் அடுத்து ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. முனைவர் கொம்பையா என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினோம். காராபூந்தியும் காபியும் கொடுத்தார்கள்.

சாயங்காலம் நான் பீரோ மேலிருந்து அந்தச் சார்ட் தாளை எடுத்துத் தூசி தட்டினேன். கொம்பையா சாருக்கும் ஜொஹராவுக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். சின்னக் கோடுதான். மேடத்தின் மேஜையில் கொண்டுபோய் விரித்தேன்.

அவர் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். நின்று பார்த்தார். ரப்பர் கேட்டார்.

நட்டநடுவே இருந்த புள்ளியை அழித்தார். கோடுகளை அழித்தார். நிதானமாக, ஒன்று விடாமல். துகள்களை ஊதினார்.

"இப்ப எத்தன துண்டு?"

நான் விரலை வைத்துப் போய்ப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.

"ஒண்ணு" என்றேன்.

பென்சிலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ரப்பரை என் கையில் கொடுத்துவிட்டு, ஐந்தேகால் பஸ்ஸுக்குப் போனார்.